ஒக்கி புயலில் எச்சரிக்கை எங்கே நின்றது?

ஒக்கி புயலைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு தரப்பு எதிரெதிரே வந்து நிற்கும். முன்கூட்டியே எச்சரித்தோம் என்பார்கள் அதிகாரிகள். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்பார்கள் மீனவர்கள். ஒருவர் பொய் சொல்கிறார் என்று வைத்துக்கொண்டால் விசாரணை அங்கேயே முடிந்துவிடும். இரண்டு தரப்பும் சொல்வது பெருமளவு உண்மை என்று எடுத்துக்கொண்டால்தான் கற்றுக்கொள்ள ஏதாவது கிடைக்கும். எச்சரிக்கை புறப்பட்டது. அது போய்ச் சேர்ந்த இடங்களில் படகு இல்லை. படகு இருந்த இடத்துக்கு அந்த வழிகள் எட்டவில்லை.

தொலைநகல், மின்னஞ்சல், குறுஞ்செய்தி, வாட்ஸ்அப், வயர்லெஸ், வானொலி, செயற்கைக்கோள் கருவி என்று இன்று நம் கையில் வழிகள் நிறைய. எது எதற்குத் தோதானது என்பதைப் பாடப்புத்தகத்தில் படிப்பதைவிட, அத்தனையும் ஒரே நேரத்தில் சோதனைக்கு ஆளான ஒரு நிகழ்வில் பார்ப்பது தெளிவாக இருக்கும். தமிழர்களுக்கு அப்படிப்பட்ட நிகழ்வு ஒக்கி.

நடந்தது

2017 நவம்பர் 29 காலை, இலங்கைக்குத் தென்கிழக்கே வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஒன்று உருவானது. அன்று மாலைக்குள் இலங்கையைக் கடந்து குமரிக் கடலுக்குள் இறங்கியது. 30ஆம் தேதி அதிகாலையில் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். காலை எட்டரை மணிக்குக் கன்னியாகுமரிக்குத் தெற்கே சுமார் 60 கிலோமீட்டரில் அது புயல். தாழ்வு மண்டலம் புயலாக மாற எடுத்துக்கொண்டது ஏறத்தாழ ஒரே நாள். டிசம்பர் 1 அன்று லட்சத்தீவை நெருங்கும்போது மிகத் தீவிரப் புயலாக வலுத்திருந்தது. பிறகு வடக்கே திரும்பி, வலுவிழந்து, 5ஆம் தேதி இரவு குஜராத்தின் சூரத் அருகே கரையேறியது. தமிழ்நாட்டையும் கேரளத்தையும் சேர்ந்த 200க்கும் மேற்பட்ட மீனவர்கள் இறந்தார்கள் அல்லது திரும்பவே இல்லை.

குமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில் நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை என்று எட்டு ஊர்கள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. சுறாவையும் சூரையையும் தேடி வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்வதில் இந்தியாவிலேயே பேர்பெற்ற ஊர்கள் இவை. இங்குள்ளவர்கள் கொச்சியிலிருந்தும் தேங்காய்ப்பட்டணத்திலிருந்தும் புறப்பட்டு லட்சத்தீவையும் தாண்டிப் போகிறவர்கள். புயல் உருவாவதற்குப் பல நாள் முன்பே கடலுக்குள் இருந்த படகுகள் ஏராளம். அதே வேளையில், குமரியிலும் திருவனந்தபுரம் கரையிலும் நவம்பர் 29 மாலை வழக்கம்போல் ஒரு இரவுத் தொழிலுக்குச் சிறு வள்ளங்களும் ஃபைபர் படகுகளும் இறங்கின.

இந்த இரண்டு கூட்டத்தையும் பிரித்துப் பார்க்காததுதான் அன்றைய எச்சரிக்கையின் முதல் கோளாறு என்று நினைக்கிறேன். ஒருவர் கரையில் நின்று வலையை ஏற்றிக்கொண்டிருக்கிறார். மற்றவர் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் தூண்டில் விட்டுக் காத்திருக்கிறார். இருவருக்கும் ஒரே கருவி, ஒரே வாசகம் உதவாது.

அலுவலகத்திலிருந்து அலுவலகத்துக்கு

வானிலைத் துறையின் அறிக்கைகள் தொலைநகலிலும் மின்னஞ்சலிலும் தொலைபேசியிலும் மாநிலத் தலைமைச் செயலகம், பேரிடர் மேலாண்மை அலுவலகம், மீன்வளத் துறை, கடலோரக் காவல் படை என்று போகும். அங்கிருந்து மாவட்ட ஆட்சியர், மீன்வளத் துறையின் உதவி இயக்குநர், பிறகு பங்குத்தந்தை (ஊர் ஆலயத்தின் பாதிரியார்) அல்லது ஊர்க் கமிட்டி, கடைசியில் படகு. 29ஆம் தேதியே மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவுறுத்தியதாக வானிலைத் துறை சொன்னது. புயல் என்ற எச்சரிக்கை தங்களுக்கு 30ஆம் தேதி நண்பகலில்தான் கிடைத்தது என்றார் கேரள முதலமைச்சர் பினராயி விஜயன். முந்தைய நாள் போனது தாழ்வு மண்டலத்துக்கான அறிவுறுத்தல். அந்த மாதிரி அறிவுறுத்தல் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அடிக்கடி வரும். அதைக் கேட்டு ஒவ்வொரு முறையும் தொழிலை நிறுத்தினால் வீட்டில் அடுப்பெரியாது.

மின்னஞ்சலையும் தொலைநகலையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவற்றின் வேலை வேறு. படம், அட்டவணை, அட்சரேகை தீர்க்கரேகை, மணி நேரவாரிக் கணிப்பு இவற்றைப் பிழையில்லாமல் கொண்டு போய்ச் சேர்க்கவும், யார் எப்போது யாருக்கு என்ன சொன்னார் என்று நாளைக்கு நிரூபிக்கவும் எழுத்தைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் மின்னஞ்சல் பெறுபவரின் நேரத்துக்காகக் காத்திருக்கும். அவர் திறக்கும்போதுதான் அது பேசும். சாப்பாட்டுக்குப் போயிருந்தால், விடுப்பில் இருந்தால், நாற்பது அறிக்கைகளுக்கு நடுவே நாற்பத்தொன்றாக இது கிடந்தால், அனுப்பியவருக்குத் தெரியவே தெரியாது. ஒரு மணி நேரத்துக்குள் ஒருவர் ஏதாவது செய்தாக வேண்டும் என்றால் முதலில் தொலைபேசி, மறுமுனையில் ஒரு குரல் "கிடைத்தது, இதைச் செய்கிறேன்" என்று சொன்ன பிறகு மின்னஞ்சல். இந்த வரிசை மாறினால் ஆவணம் பத்திரமாக இருக்கும், ஆள் இருக்க மாட்டார்.

எச்சரிக்கை முறையும் ஒக்கிக்குப் பொருந்தவில்லை. இந்தியாவின் நான்கு கட்டப் புயல் எச்சரிக்கை, கரை கடப்பதை மையமாக வைத்தது. 72 மணி நேரத்துக்கு முன் கண்காணிப்பு, 48 மணி நேரத்துக்கு முன் விழிப்பூட்டல், 24 மணி நேரத்துக்கு முன் எச்சரிக்கை, 12 மணி நேரத்துக்கு முன் கரை கடந்த பின் என்ன ஆகும் என்ற கணிப்பு. ஒக்கி வாசலிலேயே உருவானது. குமரியில் கரை கடக்கவும் இல்லை, பக்கவாட்டில் உரசிக்கொண்டு போனது. படிப்படியாக இறங்கும் காகிதச் சங்கிலிக்கு வேண்டிய மூன்று நாளை அது தரவில்லை.

கரையிலும் கரையை ஒட்டியும்

மாலையில் வள்ளம் இறக்கப் போகிறவரை நிறுத்துவதற்கு உலகத்திலேயே சிறந்த கருவி ஊர் மைக்செட்தான். மேற்குக் கரை ஊர்களில் ஆலயத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்தால் கடற்கரையில் நிற்பவருக்கும் கேட்கும், வீட்டில் இருக்கும் அம்மாவுக்கும் கேட்கும். கைபேசி சட்டைப்பையில் இருக்கிறதா, சார்ஜ் இருக்கிறதா, எழுத்துக் கூட்டிப் படிக்க வருமா என்ற கேள்வி எதுவும் இல்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்பதால், பக்கத்து வள்ளக்காரர் போகவில்லை என்பதும் அவருக்குத் தெரிகிறது. ஒருவர் மட்டும் போகாமல் இருப்பது கடினம். ஊரே போகாமல் இருப்பது எளிது.

2004 டிசம்பர் 26 அன்று புதுச்சேரியின் நல்லவாடு ஊரில் நடந்தது இதற்குச் சாட்சி. சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்த அவ்வூர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். ஊர்க்காரர்கள் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஊர் காலி செய்யப்பட்டது, உயிர்கள் தப்பின. ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போக தொலைபேசி. அந்த ஒருவரிடமிருந்து ஊருக்கே போக ஒலிபெருக்கி. இடையில் அலுவலகம் எதுவும் இல்லை. இரண்டு கருவிகளும் தனித்தனியே அரைகுறை. சேர்ந்தபோது முழு வேலை நடந்தது.

மைக்செட்டுக்குப் பிறகு கைபேசி வருகிறது. இதில் குறுஞ்செய்தியையும் செல் ஒலிபரப்பையும் மக்கள் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள். குறுஞ்செய்தி ஒவ்வொரு எண்ணாகப் போகும். லட்சம் பேருக்கு அனுப்பினால் லட்சம் கடிதம். பட்டியலில் எண் இருந்தால்தான் வரும், நெரிசலில் தாமதமாகும், மாற்றிவிட்ட சிம்முக்குப் போய் வீணாகும். செல் ஒலிபரப்போ ஒரு கோபுரத்தின் எல்லைக்குள் எரிந்துகொண்டிருக்கும் எல்லாக் கைபேசிக்கும் ஒரே அடியில் போகும். எண் தெரிய வேண்டாம். கைபேசி அமைதியில் இருந்தாலும் அலறும்படி செய்யலாம். 2023இல் நாடு முழுவதும் சோதனைக்காக அப்படி அலறியது பலருக்கு நினைவிருக்கும். ஒக்கியின்போது நம்மிடம் அது புழக்கத்தில் இல்லை. இனி ஒரு நவம்பர் 29 வந்தால், கரையிலும் கரையை ஒட்டியும் இருப்பவருக்கு மைக்செட்டுக்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

எல்லை எவ்வளவு என்பதை மட்டும் மறக்கக் கூடாது. இரண்டாம் தலைமுறைக் கைபேசிக் கோபுரம் தொழில்நுட்ப அளவில் 35 கிலோமீட்டருக்கு மேல் பேசவே முடியாது. கடலில் நடைமுறையில் 10, 12 கிலோமீட்டருக்குப் பிறகு நம்பிக்கை வைக்க முடியாது. அலை எழும்போது கையில் பிடித்த கருவி மேலும் கீழும் போகும்போது அதுவும் இல்லை.

வாட்ஸ்அப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மீனவர் ஊர்களில் எழுத்தைவிடக் குரல் பதிவுக்கு மதிப்பு அதிகம், அது நியாயமானதும் கூட. தெரிந்த குரல், தெரிந்த பேச்சு, பதற்றம் உண்மையா என்பது கேட்டதும் புரியும். நாலு பேருக்குள் செய்தியை ஒப்பிட்டுப் பார்க்கவும், யார் இன்னும் திரும்பவில்லை என்று கணக்கெடுக்கவும் வாட்ஸ்அப் குழு மிக நல்லது. எச்சரிக்கையின் முதல் வழியாக அதை நம்புவது தவறு. எப்போது சொன்னது, எந்தக் கடலுக்குச் சொன்னது என்பது இல்லாமல் முந்தைய புயலின் குரல் பதிவு மறுபடி சுற்றும். வதந்தியால் உயிர்கள் போன பிறகு 2018இல் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி அந்நிறுவனமே கட்டுப்படுத்தியது. குரல் பதிவின் தொடக்கத்தில் தேதி, மணி, ஊர், பேசுபவர் பெயர் நான்கையும் சொல்லும் பழக்கம் ஒன்று வந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

வயர்லெஸ்: எல்லாரும் கேட்கும் குரல்

கரையிலிருந்து கொஞ்சம் விலகிய படகுக்கு வி.எச்.எஃப். (மிக உயர் அதிர்வெண்) வயர்லெஸ்தான் உயிர்நாடி. பொத்தானை அழுத்திப் பேசினால், அதே அலைவரிசையில் இருக்கும் எல்லாப் படகுக்கும் கேட்கும். 156.8 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் 16ஆம் சேனல் உலகம் முழுக்க அவசர அழைப்புக்கென்று ஒதுக்கப்பட்டது. கட்டணம் இல்லை, சிம் இல்லை, நடுவில் நிறுவனம் இல்லை. தொலைபேசியில் நான் உங்களிடம் சொன்னால் உங்களுக்கு மட்டும் தெரியும். வயர்லெஸ்ஸில் சொன்னால், நான் சொன்னதும் நீங்கள் பதில் சொன்னதும் சுற்றியிருக்கும் பத்துப் படகுக்கும் தெரியும். உதவி தேவைப்படுகிறவருக்கு மிக அருகில் இருப்பவர் யார் என்பது கரையிலிருக்கும் அதிகாரிக்குத் தெரியாது, பக்கத்துப் படகுக்குத் தெரியும். அதனால்தான் இதைச் செயற்கைக்கோள் கருவி வந்த பிறகும் கழற்றி வைக்கக் கூடாது.

அதன் எல்லையை உயரம் தீர்மானிக்கிறது. இந்த அலை பூமியின் வளைவைத் தாண்டி வளையாது, ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். இரண்டு ஆன்டெனாக்களின் உயரத்தை மீட்டரில் எடுத்து, ஒவ்வொன்றின் வர்க்கமூலத்தைக் கூட்டி, 4.12ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் தூரம் கிடைக்கும். இரு படகிலும் ஆன்டெனா 4 மீட்டர் உயரத்தில் இருந்தால் சுமார் 16 கிலோமீட்டர். கரையில் 64 மீட்டர் கோபுரமும் படகில் 4 மீட்டரும் என்றால் சுமார் 41 கிலோமீட்டர். சக்தியை இரட்டிப்பாக்கினாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது, உயரத்தைக் கூட்டினால் மாறும். குமரி மாவட்டத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலை கடலுக்கு அருகிலேயே இருக்கிறது. 400 மீட்டர் உயரத்தில் ஒரு மறுஒலிபரப்பு நிலையம் வைத்தால் அதே படகுக்கு 90 கிலோமீட்டர் வரை எட்டும். 29ஆம் தேதி இரவு இறங்கிய சிறு படகுகளில் பெரும்பாலானவை அந்த வட்டத்துக்குள் இருந்திருக்கும் என்பதுதான் மனத்தை அறுக்கும் விஷயம். அதுவும் படகில் வயர்லெஸ் இருந்தால். சிறு ஃபைபர் படகுகள் பலவற்றில் அது இல்லை.

வட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒரு படகிடமிருந்து அடுத்த படகுக்கு என்று செய்தியைக் கைமாற்றலாம், ஆழ்கடல் மீனவர்கள் அப்படிச் செய்கிறவர்களே. ஆனால் சங்கிலியில் ஒரு படகு இல்லாமல் போனால் அதற்கு அப்பால் மௌனம்.

ஆழ்கடல்

நூற்றுக்கணக்கான கிலோமீட்டரில் இருப்பவருக்குக் கரையிலிருந்து நேராகப் போகும் வழி இரண்டே: கீழ் அலைவரிசை வானொலி, அல்லது வானத்திலிருந்து செயற்கைக்கோள்.

கப்பல்களுக்கு இந்தச் சிக்கல் எப்போதோ தீர்க்கப்பட்டுவிட்டது. 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு உலகளாவிய கடல் இடர் பாதுகாப்பு அமைப்பு 1999 பிப்ரவரி 1 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. அதில் நாவ்டெக்ஸ் என்று ஒரு கருவி உண்டு. 518 கிலோஹெர்ட்ஸில் வானிலை எச்சரிக்கை எழுத்தாக வரும், பல நூறு கிலோமீட்டருக்கு எட்டும், யாரும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை. இந்திய நாவ்டெக்ஸ் வலையின் ஏழு நிலையங்களில் ஒன்று குமரி மாவட்டத்தின் முட்டத்தில் இருக்கிறது. மீனவர்களின் கண் முன்னே நிற்கும் கோபுரம், சரக்குக் கப்பலிடம் ஆங்கிலத்தில் பேசுகிறது. விசைப்படகுகளில் அதைப் பெறும் கருவி வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, பழக்கமும் இல்லை.

மத்திய அலை வானொலி அதைவிட எளியது. மலிவான ஒரு டிரான்சிஸ்டர் போதும், இரவில் வெகு தொலைவுக்கு எட்டும், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். பண்பலைக்கு இந்தத் தூரம் கிடையாது. அதுவும் வி.எச்.எஃப். போல நேர்கோட்டில் போவதுதான். ஊருக்குள் பண்பலை வந்த பிறகு பழைய மத்திய அலைப் பெட்டியை மக்கள் கைவிட்டது கரையில் இழப்பாகத் தெரியவில்லை. கடலில் அது இழப்பு.

செயற்கைக்கோள் தொலைபேசி என்றதும் எல்லாருக்கும் ஒரே கேள்வி: ஏன் கொடுக்கவில்லை? துராயா, இரிடியம் கைபேசிகளை அனுமதியின்றி இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியோடு இன்மார்சாட் சேவையை மட்டும் பி.எஸ்.என்.எல். வழியாகப் பெறலாம். கருவியின் விலையும் பேச்சுக் கட்டணமும் கூட்டாகத் தொழில் செய்யும் படகுக்குப் பாரம். பாதுகாப்புக் காரணங்களை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஆனால் வாரக்கணக்கில் கடலில் இருக்கும் படகுக்கு இருவழிப் பேச்சு என்பது ஆடம்பரம் அல்ல, லைஃப் ஜாக்கெட்டைப் போன்ற தேவை.

இருவழி ஏன் வேண்டும்? அன்றைய எச்சரிக்கையின் வாசகத்தைப் பார்த்தால் புரியும். கடலுக்குப் போகாதீர்கள் என்பது கரையில் இருப்பவருக்கான பேச்சு. ஏற்கெனவே கடலில் இருப்பவருக்கு அதில் எந்தப் பயனும் இல்லை. அவருக்கு வேண்டியது, புயல் இப்போது எங்கே, எந்தப் பக்கம் நகர்கிறது, நான் எந்தப் பக்கம் விலக வேண்டும். வட அரைக்கோளத்தில் புயல் நகரும் திசைக்கு வலப்பக்கம் காற்று கடுமையாக இருக்கும். மேற்கே நகரும் புயலுக்கு வடக்குப் பக்கம். கரையும் வடக்கேதான் இருக்கிறது. வீட்டை நோக்கி ஓடுவதா, எதிர்த்திசையில் விலகுவதா, டீசல் எவ்வளவு இருக்கிறது, வேகம் என்ன? இதை ஒற்றைவரிக் குறுஞ்செய்தியால் தீர்க்க முடியாது. கேள்வியும் பதிலுமாகத்தான் தீர்க்க முடியும்.

அரை உரையாடல்கள்

கடலிலிருந்து கரைக்குக் கத்துவதற்கு ஒரு கருவி ஒக்கிக்கு முன்பே இருந்தது. இஸ்ரோ உருவாக்கிய இடர் எச்சரிக்கைக் கருவி, 2010 முதல் புழக்கத்தில் இருப்பது. ஆபத்தில் பொத்தானை அழுத்தினால் இருப்பிடம் செயற்கைக்கோள் வழியாகக் கட்டுப்பாட்டு மையத்துக்குப் போய், அங்கிருந்து கடலோரக் காவல் படைக்குப் போகும். ஆனால் அழுத்தியவருக்குப் பதில் வராது. செய்தி போனதா, யாராவது வருகிறார்களா என்று தெரியாமல் தத்தளிக்கும் ஒருவர் என்ன முடிவெடுப்பார் என்று யோசித்துப் பாருங்கள். படகோடு நிற்பதா, நீந்துவதா?

ஒக்கிக்குப் பிறகு எதிர்த்திசையில் ஒரு கருவி வந்தது. 2019 அக்டோபரில் வெளியிடப்பட்ட ஜெமினி, இந்தியாவின் ககன் வழிகாட்டு அமைப்பின் செயற்கைக்கோள்களிடமிருந்து எச்சரிக்கையைப் பெற்று, புளூடூத் வழியாகப் படகிலுள்ள கைபேசியில் காட்டும். ஆழ்கடல் படகுகளுக்கு ஒக்கியின்போது செய்தி போகாததையே அரசு இதற்குக் காரணமாகச் சொன்னது. இந்தியாவின் மற்றொரு வழிகாட்டு அமைப்பான நாவிக் செயற்கைக்கோள் வழியாகக் குறுஞ்செய்தி பெறும் கருவிகளும் மீனவர்களுக்குக் கொடுக்கப்பட்டன. இவையெல்லாம் கரையிலிருந்து கடலுக்கு மட்டும். ஒரு கருவியில் கத்தலாம், கேட்க முடியாது. மற்றொன்றில் கேட்கலாம், பேச முடியாது. இரண்டும் பாதிப் பாதி.

2024 ஜனவரியில் இஸ்ரோ வெளியிட்ட இரண்டாம் தலைமுறை இடர் எச்சரிக்கைக் கருவிதான் இந்தப் பாதிகளை இணைத்தது. அழைப்பு கிடைத்துவிட்டது என்ற ஒப்புகை படகுக்குத் திரும்பி வரும். வானிலை எச்சரிக்கையும் வரும், தாய்மொழியில் படிக்கலாம். அதே ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கரில் பிரதமர் தொடங்கி வைத்த திட்டம், கடலோர மாநிலங்களின் 1 லட்சம் படகுகளில் இருவழி டிரான்ஸ்பாண்டர் (செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பவும் பெறவும் உதவும் கருவி) பொருத்துவது. என்னைக் கேட்டால் இதில் ஆகப் பெரிய முன்னேற்றம் செயற்கைக்கோளோ செயலியோ அல்ல, அந்த ஒப்புகை. இன்னார் படித்தார், இன்னார் இன்னும் படிக்கவில்லை என்று கரையிலிருப்பவர் பார்க்க முடிந்தால்தான், படிக்காதவருக்கு வேறு வழியைத் தேடத் தோன்றும்.

காத்திருந்த குடும்பங்கள்

புயலுக்குப் பிறகு குமரி மாவட்டத்தில் மின்கம்பங்கள் சாய்ந்து, கைபேசியும் சரியாக இயங்காமல் ஊர்கள் தனித்து நின்றன. அதே நாட்களில் பல படகுகள் காற்றின் போக்கில் லட்சத்தீவிலும் மகாராஷ்டிரக் கரையிலும் ஒதுங்கின. கேரளப் படகுகள் 66, தமிழகப் படகுகள் 2, மொத்தம் 952 மீனவர்கள் சிந்துதுர்க் கரையில் பத்திரமாக இருப்பதாக மகாராஷ்டிர முதலமைச்சர் தேவேந்திர ஃபட்னாவிஸ் ட்விட்டரில் அறிவித்தார். நல்ல செய்தியை நாட்டுக்கே ஒரு நொடியில் சொல்வதற்கு அதைவிட வேகமான வழி இல்லை. ஆனால் சின்னத்துறையில் காத்திருந்த ஒரு தாய்க்கு 952 என்ற எண் எதற்கு உதவும்? அவருக்கு ஒரு பெயர் வேண்டும். படகின் பதிவு கேரளத்தில், அதில் ஆட்கள் குமரியில் என்பது இங்கே வழக்கம். எனவே மாநிலவாரி எண்ணிக்கையும் ஏமாற்றும்.

மின்னஞ்சலுக்கும் பகிர்ந்த அட்டவணைக்கும் உரிய இடம் இதுதான். ஒதுங்கிய துறைமுகத்தில் ஒருவர் பெயர், தந்தை பெயர், ஊர், படகு எண் நான்கையும் எழுதி மூன்று மாநில நிர்வாகத்துக்கும் ஒரே பட்டியலாக அனுப்ப வேண்டும். அதை அச்செடுத்து ஆலயத்தின் சுவரில் ஒட்ட வேண்டும். தெளிவான பட்டியல் வராததால் அரசு ஒரு எண், ஊர்கள் ஒரு எண், ஆலயப் பங்குகள் ஒரு எண் என்று கணக்குகள் மோதின. டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். மீட்பு வேகமாக வேண்டும் என்பதோடு, எங்கள் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லுங்கள் என்பதும் அந்தக் கோரிக்கையில் இருந்தது.

மறுபடி ஒரு நவம்பர் 29 வந்தால்

அன்று முற்பகல் தாழ்வு மண்டலம் உருவானதும் வானிலை மையத்திலிருந்து முழு அறிக்கை மின்னஞ்சலில் போகட்டும், கூடவே மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்குத் தொலைபேசி. கட்டுப்பாட்டு அறை அடுத்து அழைக்க வேண்டியது மற்றொரு அலுவலகத்தை அல்ல, துறைமுகத்தையும் ஆலயப் பங்கையும். நண்பகலுக்குள் எல்லாக் கரை ஊரிலும் மைக்செட் பேச வேண்டும். மாலை வள்ளம் இறங்கும் நேரத்துக்குச் சற்று முன் செல் ஒலிபரப்பு, அதைக் கேட்டு அப்போதுதான் விலகிய படகும் திரும்பலாம். அதே நேரத்தில் 16ஆம் சேனலில் தமிழிலும் மலையாளத்திலும் அரை மணிக்கொருமுறை அறிவிப்பு. கேட்ட படகு ஒவ்வொன்றும் பெயரைச் சொல்லிப் பதில் தர வேண்டும், கரையில் ஒருவர் குறித்துக்கொள்ள வேண்டும். பெயர் வராத படகைத் தேடி அடுத்த படகு.

ஆழ்கடலுக்கு முதல் மணியிலேயே டிரான்ஸ்பாண்டரில் செய்தி: புயலின் இடம், திசை, விலக வேண்டிய பக்கம். "எச்சரிக்கை" என்ற தலைப்பும் பொதுவான அறிவுரையும் அதில் இடத்தை அடைக்க வேண்டாம். ஒப்புகை வராத படகுகளின் பட்டியல் மாலைக்குள் கடலோரக் காவல் படையிடம் போனால், விமானம் எந்தப் பக்கம் பறக்க வேண்டும் என்பது இருட்டுவதற்கு முன்பே தெரியும். வீட்டிலிருப்பவர்கள் கடலோரக் காவல் படையின் உதவி எண்ணான 1554க்கு அழைத்துப் பெயர் சொல்லும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

இதில் இன்னும் ஓட்டையாக இருப்பது, இரவுத் தொழிலுக்குப் போகும் வெளிப்பொருத்து எஞ்சின் சிறு படகு. விசைப்படகுக்கு டிரான்ஸ்பாண்டர் கிடைத்துவிடும். சிறு படகில் மின்கலம் வைக்கவே இடமும் மின்சாரமும் பற்றாக்குறை. நீரில் விழுந்தாலும் மிதக்கும், கையடக்கமான வி.எச்.எஃப். ஒன்றைப் படகுக்கு ஒன்றாக மானியத்தில் கொடுத்து, மலையில் ஒரு மறுஒலிபரப்பு நிலையம் வைப்பது செயற்கைக்கோள் திட்டங்களைவிட மிகச் சிறிய செலவு. கொடுத்த பிறகு அக்டோபர் பிறக்கும் முன் ஒவ்வொரு துறையிலும் ஒரு மாலை ஒத்திகை நடத்த வேண்டும். கரையிலிருந்து அழைப்பு, கடலிலிருந்து பெயர் சொல்லிப் பதில். எந்தப் படகு பதில் சொல்லவில்லை என்பதை அன்றே போய்ப் பார்த்து, பேட்டரியா, ஆன்டெனாவா, பழக்கமின்மையா என்று சரிசெய்ய வேண்டும்.